வண்டிக்குத் தீனி எங்கே விளையுது?

"அண்ணாச்சி, பேட்டரி லோடு ஆட்டோ வாங்கலாமா? டீசல் போட்டுக் கட்டுப்படியாகல." ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எந்த உழவர் கூட்டத்துக்குப் போனாலும் இப்போது இந்தக் கேள்வி வருகிறது. வராமல் என்ன செய்யும்? மலையடிவாரத் தோப்பிலிருந்து தேங்காயும் மாங்காயும் மண்டிக்கு வரணும். ஊர் ஊராகக் கறந்த பால் பால்கோவா அடுப்புக்குப் போய்ச் சேரணும். காய்க்கு விலையை மண்டிக்காரர் சொல்கிறார், வாடகையை வண்டிக்காரர் சொல்கிறார். மிச்சம் இருந்தால் நமக்கு.

வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் பேட்டரி ஒரு குதிர் மாதிரி. குதிர் நெல் விளைவிக்காது, போட்டதை வைத்திருக்கும், அவ்வளவுதான். குதிரை எத்தனையோ விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 1950களில் கனத்த இரும்புச் சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியிலேயே பஸ் ஓட்டினார்கள். காற்றை அழுத்தி அடைத்து ஓடும் காருக்கு டாடா நிறுவனம் 2007இல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அந்தக் கார் இன்னும் கடைக்கு வந்தபாடில்லை. இப்போது நம் தூத்துக்குடி உப்பில் இருக்கிற சோடியத்தை வைத்தும் பேட்டரி செய்கிறார்கள். லித்தியத்தைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் லோடு ஆட்டோவுக்கு அது பெரிய குறையில்லை. எந்தக் குதிராக இருந்தாலும் நான் கேட்பது இரண்டு. உள்ளே போடுவது எங்கே விளைந்தது? எடுத்த பிறகு மண்ணுக்கு என்ன திரும்புகிறது?

நம் தாத்தாமாருக்கு வைக்கோல்போர்தான் எரிபொருள் கிடங்கு. வெயில் வைக்கோலில் சேர்ந்தது, காளை அதைத் தின்று வண்டி இழுத்தது, சாணி வயலுக்குத் திரும்பியது. மறுபடி காளை வண்டிக்கே போவோம் என்று சொல்ல வரவில்லை. காளை வளர்க்கிறவனுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது நம் ஊர்களில் கரி பஸ் ஓடியது. பின்னால் ஒரு கொப்பரை, அதில் அடுப்புக்கரி. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வரும் வாயுதான் இன்ஜினுக்குத் தீனி. டி.வி.எஸ். நிறுவனமே அதற்கான கருவியைத் தயாரித்து விற்றது. இழுவை குறைவு, மேடு வந்தால் இறங்கித் தள்ளினோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வாயுவில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலமும் கரிமூட்டமும் இருப்பதால் இதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. கரிக்கு நல்ல விலை வந்தால் கருவேலத்தை யார் தூரோடு பிடுங்குவார்? கண்மாய்க்குள்ளேயே வளர்ப்பார்கள்.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பதும் இதே கதைதான். கரும்பு போதாமல் மக்காச்சோளத்தையும் அரிசியையும் எத்தனால் ஆலைக்கு அனுப்புகிறார்கள். மக்காச்சோளம் போட்டவருக்கு இரண்டு வருடம் விலை கிடைக்கலாம். ஆனால் அதற்குப் போகும் தண்ணீரும் யூரியாவும் நம் நிலத்துக் கணக்கில்தான் எழுதப்படும்.

சாணிக்கு வருவோம். ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ சாணி போடும் என்று வையுங்கள். 25 கிலோ சாணிக்கு ஒரு கன மீட்டர் வாயு. நூறு மாடு உள்ள ஊரில் ஒரு நாளைக்கு 40 கன மீட்டர். அதில் அறுபது விழுக்காடு மீத்தேன். கரியமில வாயுவையும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயுவையும் நீக்கினால் 15 கிலோ அளவுக்குத் தேறும். சி.என்.ஜி.யில் ஓடும் குட்டி யானை வண்டி கிலோவுக்கு 20 கிலோமீட்டர் போனால், 300 கிலோமீட்டர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, எத்தனை நடை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாயு போன பிறகும் சாணியில் இருந்த தழைச்சத்து கரைசலில் அப்படியே இருக்கும். வரட்டி தட்டி எரித்தால் அது புகையோடு போய்விடும்.

சிக்கலும் உண்டு. வாயுவைச் சுத்தம் செய்து காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கு அழுத்தி உருளையில் அடைப்பது தொழுவத்தில் வைத்துச் செய்கிற காரியம் இல்லை. நாலைந்து ஊர் பால் சங்கங்கள் சேர்ந்தால்தான் முடியும். மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த உயிர்வாயுத் திட்டம் டன் கணக்கில் பேசுகிறது. அது கம்பெனிக்கு ஏற்றது. கம்பெனி வந்து சாணியை வாங்கட்டும் என்றால், நம் சாணியைக் கொடுத்துவிட்டு, அதையே மூட்டை உரமாகக் காசு கொடுத்து வாங்கும் நிலை வரும். யார் கொட்டகை போட்டாலும் கரைசல் சாணி கொடுத்தவர் நிலத்துக்கே திரும்ப வேண்டும். ஒப்பந்தத்தில் முதல் வரி அதுவாக இருக்கணும். அதுவரை சாண எரிவாயு வீட்டு அடுப்பிலும் பால்கோவா அடுப்பிலும் எரியட்டும். விறகாவது மிஞ்சும்.

உள்ளூர் ஓட்டத்துக்கு நான் பேட்டரி கட்சி. காரணம் நம் தோப்புகளில் நிற்கும் சோலார் பம்ப். 5 குதிரைத்திறன் பம்புக்குக் கிட்டத்தட்ட 5 கிலோவாட் தகடு போடுகிறார்கள். நல்ல வெயிலில் நாளைக்கு 20 யூனிட் வரும். ஆனால் மாமரத்துக்கும் தென்னைக்கும் தினமுமா தண்ணீர் பாய்ச்சுகிறோம்? பாய்ச்சாத நாளில் அந்தத் தகடு சும்மா காய்கிறது. பேட்டரி லோடு ஆட்டோவுக்கு ஒரு முழு சார்ஜ் எட்டுப் பத்து யூனிட். எண்பது கிலோமீட்டர் வரை ஓடும். ஒரு நாள் வீணாகும் வெயில் இரண்டு ஆட்டோவுக்கான தீனி!

பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரை மட்டும் ஓட்டும்படி இருப்பதுதான் தடை. தட்டை நறுக்கும் எந்திரம், மாவு மில், பேட்டரி சார்ஜ் என்று எல்லாவற்றுக்கும் பயன்படும் பொதுக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. பி.எம். குசும் திட்டத்தின் மத்திய வழிகாட்டுதலிலேயே அதற்கு இடம் உண்டு. கேட்காதவருக்குப் பழைய பெட்டிதான் வரும். விண்ணப்பம் கொடுக்கும்போதே வேளாண்மைப் பொறியியல் துறையில் அந்தக் கருவியைக் கேளுங்கள். ஏற்கெனவே பம்ப் போட்டவர்களுக்கு மானியத்தில் மாற்றித் தர வேண்டும் என்று விருதுநகர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்போம். ஒரு ஊருக்குப் பத்துப் பேராவது கையெழுத்துப் போட்டு வாருங்கள்.