ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு?

இந்த வாரம் ஒரே ஒரு கடிதம்தான். ஆனா பதில் கொஞ்சம் நீளம். கிடாரைத் தொட்டே பார்க்காதவங்களும் படிச்சு வைங்க. ஹாஸ்டல் ரூம்மேட் ராத்திரி பதினோரு மணிக்கு இதே சந்தேகத்தோட வந்து உட்காரும்போது உதவும்.

கடிதம் வந்திருப்பது திருக்கோகர்ணத்தில் இருந்து. பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார். புதுக்கோட்டையில் டிகிரி ரெண்டாம் வருஷம். திருவிழா சீசன்ல லைட் மியூசிக் ட்ரூப்பில் கிடார் வாசிக்கிறார். கையில் இருப்பது பிளஸ் டூ முடிச்சப்போ மாமா வாங்கிக் கொடுத்த ஸ்ட்ராட் மாடல் ஸ்டார்ட்டர் கிடார். ரெண்டு சீசன் ஊர் ஊரா அலைஞ்சு வாசிச்சுச் சேர்த்தது முப்பதாயிரம் ரூபாய். ‘எல்லாப் பாட்டுக்கும் சரிப்பட்டு வர்ற மாதிரி ரெண்டாவதா ஒரு எலெக்ட்ரிக் கிடார் வாங்கணும். அம்மாகிட்ட சொன்னா, ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு, அடுத்த வருஷம் தங்கச்சி காலேஜ் போகணுமேன்னு கேக்குறாங்க. என்னால பதில் சொல்ல முடியலை. நீங்க சொல்லுங்க’ன்னு எழுதியிருக்கார்.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி பாஸ். அதுக்குப் பதில் தெரியாம கடைக்குப் போனா, கடைக்காரர் பதில் சொல்லிடுவார். அவர் பதில் எப்பவும் விலை ஜாஸ்தியா இருக்கும்!

முதல்ல ஒரு விஷயம். உங்க ஊர்ல இருந்து இருபது கிலோமீட்டர் போனா குடுமியான்மலை. அங்கே மேலைக்கோயில் குடைவரையை ஒட்டி, பாறை முழுக்க ஸ்வரங்களை வெட்டி வைச்சிருக்காங்க. ஏழு ராகம், ஏழு பகுதி, கிரந்த எழுத்து. ஏழாம் நூற்றாண்டை ஒட்டினதுன்னு அறிஞர்கள் சொல்றாங்க. அதோட கடைசியில் தமிழில் ஒரு வரி உண்டு. இந்த ஸ்வரங்கள் எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும்ங்கற மாதிரி அதுக்கு அர்த்தம். எட்டுத் தந்தி வீணைக்கும் செல்லும், ஏழு தந்தி வீணைக்கும் செல்லும்னு இதை விளக்குறாங்க. உங்க திருக்கோகர்ணம் கோயில்லயே, குடைவரைப் பக்கம், பரிவாதினின்னு பாறையில் பொறிச்சிருக்கு. பரிவாதினின்னா ஏழு தந்தி வீணை. அதாவது, ‘ஒரே இசை, ரெண்டு வாத்தியம்’ங்கற பஞ்சாயத்து உங்க ஏரியாவுல ஆயிரத்து முந்நூறு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. அம்மாகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. பணம் வராது, ஆனா ஒரு சிரிப்பு வரும்.

சரி, மேட்டருக்கு வருவோம். ரெண்டாவது கிடார் ரெண்டு வேலை செய்யணும். முதல் கிடாரால முடியாததைச் செய்யணும். முதல் கிடார் மேடையில் படுத்துட்டா, அது இல்லாமலே முழுக் கச்சேரியையும் இழுத்துக்கிட்டுப் போகணும். இதுல ஒண்ணு மட்டும் செய்யற கிடார் உங்களுக்கு இப்போ வேண்டாம். வசதி வந்த பிறகு பார்த்துக்கலாம்.

உங்க பழைய கிடாரால என்ன முடியலை? நீங்களே எழுதியிருக்கீங்க, ‘ஜெனரேட்டர் போட்டா ஒரே இரைச்சல்’னு. அதுக்குக் காரணம் சிங்கிள் காயில் பிக்கப். ஒரு காந்தம், அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான் பிக்கப். தந்தி அதிர்றதை அது மின்சாரமா மாத்துது. ஆனா, பக்கத்துல ஓடற சீரியல் செட், டிம்மர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாத்தோட இரைச்சலையும் சேர்த்தே வாங்கிக்குது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த ‘ம்ம்ம்ம்’தான் ஸ்பீக்கர்ல கேக்குது. திருவிழா மேடையில சுத்தி என்ன இருக்கு? சீரியல் செட்டும் ஜெனரேட்டரும்தான்!

இதுக்கு 1955-லயே வழி கண்டுபிடிச்சாச்சு. கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர், ரெண்டு காயிலை எதிரெதிரா சுத்தி, காந்தத்தையும் திருப்பி வைச்சு ஒண்ணா இணைச்சார். தந்தியோட சத்தம் ரெண்டுலயும் கூடுது. வெளியில இருந்து வர்ற இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. அதான் ஹம்பக்கர். சத்தம் கனமா, தடிமனா இருக்கும். டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்க செம. ஆனா, 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்து கிடார் பாட்டை எந்த ஊர் மேடையிலயும் யாராவது ஒருத்தர் துண்டுச் சீட்டு எழுதிக் கேக்காம விடமாட்டாங்க இல்லையா? அதை முழு ஹம்பக்கர்ல வாசிச்சா, தலையில கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும். அங்கே சிங்கிள் காயிலோட அந்தக் கண்ணாடிச் சத்தம் வேணும்.

அதனால என் ஓட்டு எச்.எஸ்.எஸ். அமைப்புக்கு. பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் கழுத்துப் பக்கமும் சிங்கிள் காயில். கூடவே காயில் ஸ்ப்ளிட் இருந்தா இன்னும் நல்லது. டோன் குமிழை மேலே இழுத்தா, ஹம்பக்கர்ல ஒரு காயில் அணைஞ்சு சிங்கிளா மாறிடும். யமஹா பசிஃபிகா 112வி மாடல் இதுக்கு நல்ல உதாரணம். ஆல்டர் மரம், அல்நிகோ காந்தம், இழுக்கற குமிழ். பார்க்க அதே மாதிரி 012 மாடலும் இருக்கு, விலை குறைவு. ஆனா, அந்த இழுக்கற வித்தை அதுல கிடையாது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. விலை கடைக்குக் கடை மாறும். 112வி புதுசா வாங்கினா உங்க பட்ஜெட்டை இடிக்கலாம். நல்ல செகண்ட் ஹேண்ட்னா தாராளமா அடங்கிடும். ஸ்குவையர், கார்ட், ஐபனெஸ் எல்லாத்துலயும் இதே அமைப்பு கிடைக்கும். பிராண்டுக்கு விசுவாசமா இருக்க நாம என்ன ரசிகர் மன்றமா நடத்துறோம்?

‘லெஸ் பால் மாடல் வாங்கலாமா? பார்க்க கெத்தா இருக்கு’ன்னு கேட்டிருக்கீங்க. கெத்துதான், மறுக்கலை. ஆனா, நீங்க போறது பஸ்ல. அந்த மாடலோட தலைப்பகுதி பின்பக்கம் சாய்ஞ்சு இருக்கும். உறையோட சாய்ச்சு வைச்சது சரிஞ்சு விழுந்தா, கழுத்து முடியற இடத்துல ‘டக்’குனு முறியும். கிடார் ரிப்பேர் செய்யறவங்களைக் கேளுங்க, கதை கதையா சொல்லுவாங்க. ஸ்ட்ராட், டெலி மாடல்கள்ல தலை கழுத்தோட நேர்கோட்டில் இருக்கும், அடி தாங்கும். அறந்தாங்கி பஸ்ல கடைசி சீட்டுல, மேலே ஒரு கோழிக்கூடையோட பயணம் பண்ற கிடாருக்கு அதுதான் லாயக்கு. உள்ளே பாதி பொந்தா இருக்கிற செமி ஹாலோ மாடலும் வேண்டாம். ட்ரூப் மேடையில மானிட்டர் காதுகிட்டே அலறும்போது, அது விசில் அடிக்க ஆரம்பிச்சிடும்.

அடுத்தது பிரிட்ஜ். இதுல என் சொந்தக் கதை ஒண்ணு இருக்கு, வெட்கத்தோட சொல்றேன். காலேஜ் மூணாம் வருஷம். போஸ்டர்ல பார்த்த ஹீரோ வைச்சிருந்தார்ங்கற ஒரே காரணத்துக்காக, மிதக்கற பிரிட்ஜ் வைச்ச கிடார் ஒண்ணை வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான், ஆனா ரெண்டு வருஷ ட்யூஷன் காசு. முதல் புரோகிராம், ஒரு கிராமத்து மாரியம்மன் கோயில் திருவிழா. நாலாவது பாட்டு, சோலோவுக்கு முன்னால முதல் தந்தி ‘பட்’. ஒரு தந்திதானே போச்சுன்னு நினைச்சு அடுத்ததைத் தொட்டா, மத்த அஞ்சும் சுருதி ஏறிப்போய்க் கிடக்கு! அந்த பிரிட்ஜ்ல முன்னால தந்திகள் இழுக்கும், பின்னால ஸ்பிரிங் இழுக்கும். ரெண்டும் சமமா இருக்கறவரைக்கும்தான் சுருதி. ஒரு தந்தி போனா ஸ்பிரிங் ஜெயிச்சிடும், மிச்சத் தந்தி எல்லாம் இறுகிடும். கீபோர்டு அண்ணன் என் சோலோவையும் சேர்த்து வாசிச்சு மானத்தைக் காப்பாத்தினார். நான் பத்து நிமிஷம் மேடையில சும்மா நின்னேன். முன் வரிசையில ஒரு பாட்டி, ‘அந்தத் தம்பி ஏன் வாசிக்கலை?’ன்னு கேட்டது இன்னும் காதுல இருக்கு.

ஆகவே, பிரிட்ஜ் ஆடாம அசையாம இருக்கற ஹார்ட்டெயில் கிடைச்சா யோசிக்காம எடுங்க. கிடைக்கலைன்னா, சாதாரண ட்ரெமோலோ பிரிட்ஜைப் பலகையோட படிய வைச்சுக்கலாம். பின்மூடியைக் கழட்டினா ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கற ரெண்டு பெரிய ஸ்க்ரூ தெரியும். தந்தியைக் கொஞ்சம் தளர்த்திட்டு அதை முடுக்குங்க, பிரிட்ஜ் படுத்துடும். அப்புறம் சுருதி சேருங்க. செலவு ஜீரோ. இதை இன்னிக்கே உங்க பழைய கிடாருக்குப் பண்ணிடுங்க. போன சித்திரையில தந்தி அறுந்து நின்னதா எழுதியிருக்கீங்களே, அதுக்கு மருந்து இதுவேதான்.

கடையில எப்படிப் பார்க்கிறது? திருச்சிக்குப் போனாலும் சரி, சென்னை அண்ணா சாலையில 1842-லிருந்து இருக்கிற மியூசி மியூசிக்கலுக்கே போனாலும் சரி, முதல்ல ஆம்ப்ளிஃபயர்ல மாட்டாம வாசிங்க. ஆம்ப் போட்டா எல்லாக் கிடாரும் அழகுதான்! ஒவ்வொரு தந்தியிலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா அழுத்திப் பாருங்க, எங்கேயாவது ‘கிர்ர்’னு வருதா? கழுத்து ஓரத்தை விரலால தடவுங்க. ஃப்ரெட் முனை ரம்பம் மாதிரி உறுத்தினா, மரம் காய்ஞ்சு சுருங்கியிருக்குன்னு அர்த்தம். நம்ம புதுக்கோட்டை வெயிலுக்கு அது இன்னும் மோசமாகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே, அதைத் தொட்டு எடுக்கற ஹார்மோனிக்கும் அழுத்தி வாசிக்கிற ஸ்வரமும் ஒண்ணா இருக்கான்னு ட்யூனர்ல பாருங்க. லேசா விலகினா பரவாயில்லை, பிரிட்ஜ்ல சரி பண்ணலாம். கடைசியா, பதினஞ்சாவது ஃப்ரெட்டுல முதல் தந்தியை முழுசா இழுத்து வளைங்க. சத்தம் பாதியில செத்துப் போச்சுன்னா வைச்சுட்டு வந்துடுங்க.

இந்த வளைக்கிற விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். சினிமாப் பாட்டுல பாதி கமகம்தானே? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார்? மாண்டலின்ல ஜோடி ஜோடியா எட்டுத் தந்தி இருக்கும். அந்த ஜோடியை எல்லாம் விட்டுட்டு, எலெக்ட்ரிக் மாண்டலின்ல அஞ்சு ஒற்றைத் தந்தி வைச்சுக்கிட்டார். கமகம் இழுக்க அதுதான் வசதி. கிடார் பிரசன்னா, ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல கப்பல் கட்டற படிப்பு படிச்சவர், சாதாரண எலெக்ட்ரிக் கிடார்லயே கர்நாடக இசை முழுக் கச்சேரி செய்யறவர். ரெண்டு பேர்கிட்டயும் நாம எடுத்துக்க வேண்டியது, நம்ம இசைக்கு எது வசதியோ அப்படி வாத்தியத்தை வைச்சுக்கறதுதான். உங்களுக்கு 9-லிருந்து 42 வரைக்குமான மெல்லிய தந்தி செட் போதும். விரலும் தாங்கும், வளைவும் வரும்.

இப்போ கணக்கு. முப்பதையும் கிடார்ல கொட்டாதீங்க. இருபத்தஞ்சுக்குள்ள கிடாரை முடிச்சுக்கங்க. மிச்சத்துல பஞ்சு வைச்ச நல்ல உறை, நல்ல கேபிள் ரெண்டு, தந்தி மூணு செட், கை தேர்ந்தவர்கிட்ட ஒரு செட்டப். செட்டப் பண்ணின பதினஞ்சாயிரம் ரூபாய் கிடார், பண்ணாத முப்பதாயிரம் ரூபாய் கிடாரைவிட நல்லா வாசிக்கும். பண்ணலைன்னா எவ்வளவு விலை கொடுத்ததும் அம்மஞ்சல்லி பெறாது. (அந்த அம்மன் சல்லியே உங்க பிரகதாம்பாள் உருவம் போட்ட புதுக்கோட்டை சமஸ்தானக் காசுதான், தெரியுமோ?)

ஒரு எச்சரிக்கை, இதுல விளையாட்டே இல்லை. இரைச்சலைக் குறைக்கிறேன்னு ஆம்ப் ப்ளக்கோட எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் நிறைய ட்ரூப்ல இருக்கு. கை தந்தியில, உதடு மைக்ல. எர்த் இல்லைன்னா நடுவுல நீங்கதான் ஒயர். மேடை ஏறினதும் டெஸ்டரை மைக் மேலேயும் தந்தி மேலேயும் வைச்சுப் பாருங்க. பல்பு மினுக்கினா ரெண்டையும் தொடாதீங்க, சவுண்ட் சர்வீஸ் அண்ணனைக் கூப்பிடுங்க.

இனி அம்மாவுக்குப் பதில். ஒரு தாளை எடுங்க. போன சீசன்ல எத்தனை புரோகிராம், ஒண்ணுக்கு எவ்வளவு, இரைச்சலாலயோ தந்தியாலயோ உங்களைக் கூப்பிடாம விட்டது எத்தனைன்னு எழுதுங்க. அந்த நஷ்டம் ஒரு சீசன்ல பத்தாயிரத்தைத் தொட்டா, புது கிடார் மூணு சீசன்ல தன் விலையைத் தானே கட்டிடும். தாளை அம்மாகிட்ட காட்டுங்க. ரெண்டாயிரம், மூவாயிரம்தான் வருதுன்னா, தங்கச்சி ஃபீஸுக்குப் பணத்தை எடுத்து வைச்சுட்டு, பிரிட்ஜைப் படிய வைச்சு, பழைய கிடார்ல பிரிட்ஜ் பக்கம் மட்டும் சிங்கிள் காயில் சைஸ் ஹம்பக்கர் ஒண்ணை மாட்டிக்கங்க. அப்படி ஒண்ணு இருக்கு. சில ஆயிரத்துல முடிஞ்சிடும், பலகையை வெட்ட வேண்டாம். புது கிடாரை அடுத்த பங்குனிக்குப் பார்த்துக்கலாம்.

வாங்கினா பழசை வித்துடலாமான்னு கடைசியில கேட்டிருக்கீங்க. விக்காதீங்க. ஸ்டார்ட்டர் கிடாருக்கு ஒண்ணும் தேறாது. உங்க ட்ரூப்ல பாடற அக்காவுக்கு சுருதி எட்டாத பாட்டுகளை அரைக் கட்டை இறக்கி வாசிக்கிறதா சொன்னீங்களே, பழசை அந்த அரைக் கட்டையிலேயே சேர்த்து ஸ்டாண்டுல நிறுத்தி வைங்க. நடுவுல சுருதி மாத்தற அந்த ரெண்டு நிமிஷ அமைதி மிச்சம்.

வாங்கினதும் எந்த மாடல், என்ன விலைன்னு எழுதுங்க. அம்மா என்ன சொன்னாங்கன்னும்!