சம்பா வயலும் கரீனா நெபுலாவும்

மார்கழியில் பச்சை கட்டி நிற்கும் சம்பா வயலை அகச்சிவப்புக் கேமராவில் எடுத்துப் பார்த்தால் பச்சையே இருக்காது. ஒரத்தநாட்டிலிருந்து மன்னார்குடி வரை வயல் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். வாய்க்கால் தண்ணீர் மட்டும் கறுப்பாகத் தெரியும். இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்கிறது. அதற்கு அடுத்திருக்கும், கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பை இலையின் உட்திசு திருப்பி எறிகிறது. 1988-இல் ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1ஏ தொடங்கி, இந்தியச் செயற்கைக்கோள்கள் மேலிருந்தபடி பயிர்ப் பரப்பை அளப்பது இந்தக் குணத்தை வைத்துத்தான்.

நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு, தூசி மேகங்களை, அகச்சிவப்பில் படமெடுக்க ஆசைப்படும் காவிரி டெல்டாக்காரருக்கு, செலவில்லாத சோதனைக்கூடமும் அந்த வயல்தான்.

பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவின் முதுகைத் திறந்து உள்ளே போனால், சென்சாருக்கு முன்னால் இளநீலச் சாயலில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். சிலிக்கன் சென்சாருக்கு ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரை பார்வை உண்டு. ஆனால் கல்யாண ஆல்பத்தில் மணப்பெண் முகத்தின் நிறம் கெட்டுவிடக் கூடாதே! அதனால் 700-க்கு மேலே வருவதை அந்தக் கண்ணாடி மறித்துவிடுகிறது. நெபுலாவின் ஹைட்ரஜன் வீசும் 656.3 நானோமீட்டர் சிவப்பிலும் பெரும்பகுதி அதோடு சேர்ந்து போய்விடுகிறது. வானத்தைப் படமெடுப்பவர்கள் திருகாணிகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்துவிடுவது இதனால்தான். அப்புறம் 720 நானோமீட்டர் ஃபில்டரை மாட்டிக்கொண்டு பகலில் வயலைப் பார்க்க வேண்டும். நெல் வெளுத்துத் தெரிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

ஃபோகஸும் இடம் மாறும். பழைய மேனுவல் லென்ஸ்களில் தூர அளவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள்; அகச்சிவப்புக்கு அங்கே திருப்பு என்பதற்கான குறி அது. குழியாடி வைத்த நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் இந்தத் தொல்லை இல்லை. ஆடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில்தான் குவிக்கும்.

சரி, அகச்சிவப்பில் நெபுலா எப்படி இருக்கும்? முதல் படத்தைப் பார்த்துப் பலர் ஏமாந்துதான் போவார்கள். தஞ்சாவூரின் வானத்தில் ஏறக்குறைய 74 பாகை உயரத்துக்கு ஏறும் ஓரியன் நெபுலாவையே எடுத்துக்கொள்ளலாம். சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில் உள்ள அது, சாதாரணப் படத்தில் ரோஜா நிறத்தில் விரியும். 850 நானோமீட்டர் ஃபில்டரைப் போட்டால் அந்த அழகு வடிந்துபோகிறது. வாயு மங்குகிறது, தூசியின் பின்னால் ஒளிந்திருந்த நட்சத்திரங்கள் முன்னால் வருகின்றன. தூசித் துகள்கள் நீலத்தை மறிக்கும் அளவுக்கு நீண்ட அலைகளை மறிப்பதில்லை. 1967-இல் வானியலாளர்கள் பெக்லினும் நோய்கெபாயரும் இதே நெபுலாவின் பின்புறத்தில், சாதாரணத் தொலைநோக்கிக்குத் தென்படாத ஓர் இளம் நட்சத்திரத்தைப் பிடித்தது இந்த வழியில்தான். அவர்கள் பார்த்தது 2 மைக்ரான் பக்கம். சிலிக்கன் 1.1-லேயே கண்ணை மூடிக்கொள்ளும் என்பதால், அமெச்சூருக்குக் கிடைப்பது அகச்சிவப்பின் வாசல்படி மட்டுமே.

அந்த வாசல்படியிலும் டெல்டாவின் ஈரம் வந்து நிற்கிறது. 940 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை நீராவி உறிஞ்சிவிடும். நெபுலாக்களில் கந்தக அயனி வீசும் 953 நானோமீட்டர் ஒளியும் இந்த எல்லைக்குள் வந்து அடிபடுகிறது. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்து வறண்ட காற்றில் இந்திய வானியலாளர்கள் போய் உட்கார்ந்ததற்கு இந்த நீராவி ஒரு முக்கியக் காரணம். அங்கிருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கிக்கு சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். நட்சத்திரங்களின் வளிமண்டலத்திலும் கோள்களின் காற்றிலும் ஒளி எப்படிச் சிதறிக் கடக்கிறது என்று 1950-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் அவர்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். இங்கே அது முதலில் லென்ஸில்தான் இறங்கும். ஹீட்டர் பட்டை சுற்றாமல் ராத்திரி பன்னிரண்டைத் தாண்ட முடியாது.

ஆனால் டெல்டாவின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தெருவிளக்குகள் எல்இடிக்கு மாறியதில் கண்ணால் வானம் பார்ப்பவர்களுக்கு நஷ்டம்; அகச்சிவப்புக்காரருக்கோ லாபம். வெள்ளை எல்இடி 700 நானோமீட்டருக்கு மேலே ஏறக்குறைய எதையும் வீசுவதில்லை. பழைய சோடியம் விளக்குதான் 819-ஐ ஒட்டிப் பளிச்சென்று எரிந்தது.

இன்னொரு லாபம் தெற்கே இருக்கிறது. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களில் ஒன்றாக வந்து உலகமே பார்த்த விண்வெளி மலைமுகடு, கரீனா நெபுலாவின் ஓரம். டெல்லியில் அந்த நெபுலா அடிவானத்தைவிட்டு 2 பாகைகூட எழும்பாது. மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் கரையிலோ தெற்கே கடல். மாசி நடுநிசியில் நெபுலா 20 பாகை உயரத்தில் நிற்கும். அவ்வளவு தாழ்வில் நீல ஒளி காற்றில் சிதறிச் சின்னாபின்னமாகிவிடும். 450 நானோமீட்டர் நீலத்தோடு ஒப்பிட்டால், தூய காற்றில் 850-க்கு நேரும் சிதறல் ஏறத்தாழ 13-இல் ஒரு பங்குதான். உச்சியில் ஏறும் ஓரியனைவிடத் தாழ்ந்து நிற்கும் கரீனாவுக்குத்தான் அகச்சிவப்பு ஃபில்டர் கூடுதலாகக் கைகொடுக்கிறது.

கரீனாவைப் படமெடுக்கும் வேலையை இரண்டு இரவாகப் பிரித்துக்கொள்ளலாம். ஓர் இரவு ஹைட்ரஜன் சிவப்பில் இரண்டிரண்டு நிமிடப் படங்கள். மறு இரவு 742 நானோமீட்டர் ஃபில்டரில் அதே அளவு. 850-ஐவிட அது கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும். மென்பொருளில் அடுக்கிச் சேர்க்கும்போது வாயுவின் மடிப்புகள் முதல் அடுக்கிலிருந்து வரும். வாயுவின் பளபளப்பில் அமுங்கிக் கிடந்த டிரம்ப்ளர் 14 என்ற நட்சத்திரக் கொத்தின் இளம் நட்சத்திரங்கள் இரண்டாவதில் தனித்தனியாகப் பிரியும். இதற்குத் தேவை, மாசி அமாவாசையை ஒட்டி மேகமில்லாத இரண்டு இரவுகள், ராத்திரி பத்து முதல் மூன்று மணி வரை. அதற்குள் சம்பா அறுப்பும் பெரும்பாலும் முடிந்திருக்கும்.