நமது சிப்பாயின் துப்பாக்கி

1930ஆம் வருஷம் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்களுக்கு வழிநடைப் பாட்டு இயற்றித் தந்த நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர் மோகனூர். அவ்வூரில் இருந்துகொண்டு துப்பாக்கியைப் பற்றி எழுதுவது தகுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சுதந்திரம் பெற்ற வழி வேறு. பெற்றதை எல்லையில் நின்று காப்பவன் கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்வி வேறு.

1962ல் சீனர் படையெடுத்தபோது நமது காலாட்படையினர் பெரும்பாலோரிடம் இருந்தது பழைய .303 ரைபிள். ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் தாழ்ப்பை இழுத்துத் தள்ள வேண்டும். எதிரியிடமோ, விசையை இழுத்ததும் சுட்டுவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இருந்தன. அப்படிப்பட்டதொரு ரைபிளை நமக்கும் ஆக்கித்தர முனைந்த ஆயுத ஆராய்ச்சி நிலையத்தார் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, பெல்ஜிய ரைபிள்களைப் பிரித்துப் பரப்பி, உறுப்பு உறுப்பாக ஆராய்ந்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளினார்கள். இஷாப்பூர்த் தொழிற்சாலையில் உருவான 1ஏ1 அவ்விதம் பிறந்ததே. பெல்ஜியக் கம்பெனி தன் உரிமை பறிபோயிற்று என்று ஆட்சேபித்ததும், பிறகு சமரசம் ஏற்பட்டதும் பழங்கதை. அந்த ரைபிள் பல்லாண்டுக் காலம் நம் சிப்பாய்களுக்கு உழைத்தது.

இவ்வித்தை நம் ஜில்லாவாசிகளுக்குப் புதிதன்று. நாமக்கல் பட்டறைகளில் எங்கிருந்தோ வந்த வெறும் சேஸிஸின் மேல் லாரி எழும்புவதை யார் அறியார்? பாகம் பிறர் செய்ததாயினும், எதை எங்கே பூட்டுவது, எது பாரம் தாங்கும் என்ற அறிவு நம்முடையது. அமெரிக்காவில் தனிமனிதர் பாகம் பாகமாக வாங்கித் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நமது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமோ பாகங்களையும் ஆயுதமென்றே கொள்கிறது. லைசென்ஸின்றிச் செய்தால் குற்றம். வக்கீலென்ற முறையில் அது சரியென்றே சொல்வேன். ஆனால் தனிமனிதருக்குத் தகாத அவ்வேலை சர்க்காருக்குக் கடமையாகும்.

அக்கடமையில் தவறும் நேர்ந்தது. மோகனூரைத் தாண்டிக் காவிரி போய்ச்சேரும் திருச்சியில் 1966ல் எழுந்த துப்பாக்கித் தொழிற்சாலையும், இஷாப்பூரும் பின்னாளில் செய்த இன்சாஸ் ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் உள்யந்திரம் ருஷ்யக் கலாஷ்னிகோவை ஒட்டியது. வாயுவை அளந்து விடும் உறுப்பு பெல்ஜிய மாதிரி. இழுபிடி ஜெர்மன் மாதிரி. தேர்வில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் 1999ல் கார்கில் குளிரில் பிளாஸ்டிக் தோட்டாக்கூடு விரிசல் கண்டது. துப்பாக்கி சிக்கிக்கொண்டதாகவும் புகார் எழுந்தது. ஓர் அற்பக் கூடு! அதைப் பனியில் ஒரு மாதம் கிடத்திப் பார்க்க எவ்வளவு செலவாகும்? சிப்பாய் அதன் குறையை எதிரியின் முன்னிலையில் கண்டறிய நேர்ந்தது மன்னிக்கத்தக்கதன்று.

குறை கண்டால் திருத்துவதே முறை. சர்க்காரோ கடைக்கு ஓடிற்று. 2019ல் அமெரிக்காவிலிருந்து 72,400 ஸிக் ரைபிள்கள். 2024ல் மேலும் 73,000. 2021ல் ருஷ்யர் கூட்டுறவோடு அமேதியில் ஆறு லக்ஷத்துக்கு மேற்பட்ட ஏகே-203 செய்ய ஒப்பந்தம். அவசரத் தேவையை நாம் மறுக்கவில்லை. வெறுங்கையோடு நிற்கும் சிப்பாயிடம் ஸ்வதேசி உபதேசம் செய்வது பாபம். ஆனால் ஏகே-203 சுடும் அதே 7.62×39 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் ரைபிளைத் திருச்சித் தொழிலாளர் தாமே செய்திருக்கிறார்களே! அதை ஏன் வளர்க்கவில்லை? 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கியவர்கள், பலகையை மாற்றியதோடு வேலை முடிந்ததென்று எண்ணினார்களா?

2024 ஜனவரியில் பூனா நிலையத்தார் ஹைதராபாத் கம்பெனியொன்றோடு சேர்ந்து "உக்ரம்" என்ற ரைபிளை வெளியிட்டார்கள். நூறு நாளுக்குள் செய்ததாகப் பெருமை பேசப்படுகிறது. வேகம் நன்றே, ஆனால் கார்கிலில் விரிந்த கூட்டை நாம் மறப்பதற்கில்லை. உக்ரத்தையும் திருச்சி ரைபிளையும் லடாக்கின் பனியிலும் ராஜஸ்தானத்து மணலிலும் சிப்பாய்களே சுட்டுப் பார்க்கட்டும். முறிந்த பாகம் எது, முறியாத பாகம் எது என்ற கணக்கை, ரகசியமானவை நீங்கலாக, ராணுவ மந்திரி பார்லிமெண்டின் முன் வைக்கட்டும். அதன்பிறகும் வெளிநாட்டில் வாங்குவதே வழியென்றால், காரணத்தை அங்கேயே சொல்லட்டும்.