பரம்பரையா, பழக்கமா?



ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “சீனி வருத்தம் எங்கட பரம்பரையில இருக்கு. எங்களுக்கும் வரும்தானே!” தாதியராகிய நாங்கள் வேலையிடத்திலும் இதையே கேட்கிறோம். சொல்பவர்கள் வயதானவர்கள் மட்டுமல்ல, 28, 30 வயதுப் பிள்ளைகளும்தான்.

இதில் பாதிதான் உண்மை. தலசீமியா போன்ற சில நோய்கள் ஒரு மரபணுவில் உள்ள பிழையால் வருகின்றன. இரண்டாம் வகை நீரிழிவு அப்படியல்ல. நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் ஆபத்தைக் கூட்டுகின்றன. உணவு, உறக்கம், புகைத்தல், உடலுழைப்பு, வாழும் சூழல் எல்லாம் அதனோடு சேர்கின்றன. இவற்றை ஒன்றாக வைத்து ஆராயவே 2010இல் ஒன்ராறியோ சுகாதார ஆய்வு தொடங்கியது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள்.

நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு முடிவு 2011இல் வெளிவந்தது. ஒன்ராறியோவில் சுமார் 60,000 பேரின் விபரங்களைப் பார்த்தபோது, வெள்ளையருக்கு உடல் திணிவுச் சுட்டெண் 30இல் வரும் நீரிழிவு ஆபத்து, தெற்காசியருக்கு 24இலேயே வந்துவிடுவது தெரிந்தது. 170 சென்ரிமீற்றர் உயரமான ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையரானால் ஏறக்குறைய 87 கிலோ. நம்மவரானால் 69 கிலோ! “நான் மெலிவுதானே” என்று நாம் இருந்துவிட முடியாது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஹமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த மாரடைப்பு ஆய்வு 2004இல் வெளியானது. புகைத்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு, வயிற்றுப் பருமன், நீரிழிவு, மன அழுத்தம் உட்பட 9 காரணிகளே மாரடைப்பு ஆபத்தில் 90 சதவீதத்துக்குக் காரணம் என்றது அது. இவை நாம் தடுக்கவோ குறைக்கவோ கூடியவை.

அம்மம்மாவிடமிருந்து நமக்கு மரபணு மட்டும் வரவில்லை, அவருடைய சமையலும் வந்தது. அவர் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தார். நாம் அதே சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஸ்காபரோ குளிரில் காரில் ஏறி, இரவு வேலைக்குப் போகிறோம்.

ஆகவே இந்த மாதம் மூன்று காரியம் செய்வோம். வீட்டில் யாருக்கு, எந்த வயதில், என்ன வருத்தம் வந்தது என்று கேட்டு எழுதி வைப்போம். இடுப்பை அளப்போம்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தொட்டால் கவனம். குடும்ப வைத்தியரிடம் ‘ஏ1சி’ இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்போம். அதற்குப் பட்டினி இருக்கத் தேவையில்லை. 6.0 முதல் 6.4 வரை வந்தால் அது நீரிழிவுக்கு முந்திய நிலை. திரும்பி வர இன்னும் வழி இருக்கிறது.

இனி யாராவது “பரம்பரை” என்று சொன்னால், “சோதிச்சுப் பாத்தீங்களா?” என்று நாம் கேட்போம்.