இரவு பத்தரை மணிக்கு விளக்கை அணையுங்கள்



பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. ஜெபிப்பதற்காக வீடுகளுக்குச் செல்லும்போதெல்லாம் பெற்றோர் ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொல்லுகிறார்கள்: "ஐயா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்முழிச்சுப் படிக்கிறான். மறுபடி நாலரைக்கு எழுப்பி விட்டுருவேன்." சொல்லுகிறவரின் குரலில் கவலையைவிடப் பெருமையே மேலோங்கி நிற்கிறது. அந்தப் பெருமையைக் குறித்தே இந்த வாரம் எழுதுகிறேன். கண்விழிப்பை உழைப்பின் அளவுகோலாக நாம் வைத்துக்கொண்டோம். அது நம் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மூளையின் எடை நம் உடலின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே. ஆயினும் நாம் சும்மா அமர்ந்திருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்ளுகிறது. ஒரே நேரத்தில் மனம் எத்தனை காரியங்களைப் பிடித்துவைத்திருக்க முடியும் என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் எழுதியபோது, ஏழு அல்லது அதற்கு ஒன்றிரண்டு கூடக்குறைய என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் அதையும் குறைத்து, நான்கு அளவில் நிறுத்தினார்கள். ஆண்டவர் நமக்குக் கொடுத்த பாத்திரம் அவ்வளவுதான். மேலும் மேலும் ஊற்றினால் வழிந்துதான் போகும்.

பகலில் படித்தது நினைவில் உறைவதற்குத் தூக்கம் வேண்டும். அன்று கற்றதை மூளை திரும்ப எடுத்து, ஒழுங்குபடுத்தி, நிலைப்படுத்துவதில் பெரும்பகுதி நாம் உறங்கும்போதே நடக்கிறது. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்கவியல் மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். இரண்டரை மணி நேரம் மட்டும் தூங்கும் மாணவன், விதைத்த விதையை முளைக்குமுன்னே கிளறிவிடுகிற உழவனுக்கு ஒப்பாயிருக்கிறான்.

இன்னொன்றையும் கேளுங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் எப்படியிருக்கும் என்று ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். கண்ணும் கையும் இசைந்து செய்யவேண்டிய ஒரு வேலையில் அவர்கள் அதைச் சோதித்தார்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்திருப்பவரின் அளவுக்கு அது குன்றியிருந்தது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்போ 30 மில்லிகிராம். காலை நாலரைக்கு எழுந்த பிள்ளைக்கு இரவு ஒன்பதரைக்கே அந்த 17 மணி நேரம் நிறைவேறிவிடுகிறது. குடித்தவன் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்கமாட்டோம். ஆனால் அதற்கு ஒப்பான நிலையிலிருக்கும் பிள்ளையின் கையில் இயற்பியல் புத்தகத்தைக் கொடுத்து, இன்னும் நாலரை மணி நேரம் உட்கார் என்கிறோம்.

"அப்படியானால் உழைக்கவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். உழைக்கத்தான் வேண்டும். பெர்லின் நகரத்து இசைக் கல்விக்கூடத்தில் வயலின் பயின்ற மாணவர்களைக் குறித்து ஆண்டர்ஸ் எரிக்ஸனும் உடனாய்வாளர்களும் 1993-இல் எழுதிய ஆய்வு புகழ்பெற்றது. சிறந்து விளங்கியவர்கள் அதிகம் பயிற்சி செய்தவர்கள்தான். ஆனால் அவர்கள் அதை இடைவேளைகளோடு பகுதி பகுதியாகச் செய்தார்கள். பகலில் சிறிது கண்ணயர்ந்தார்கள். மற்ற மாணவர்களைவிட அதிகமாகவே தூங்கினார்கள். இடைவேளை என்பது கைப்பேசியைத் திறப்பதல்ல என்பதையும் வாலிபர்கள் கவனிக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் இருபது செய்தி பார்த்துத் திரும்பும் மனம் பாடத்துக்குள் மீண்டும் நுழைவதற்கே நேரம் பிடிக்கும்.

இந்தக் காரியத்தில் எலியாவின் சரித்திரம் எனக்கு மிகவும் அருமையானது. கர்மேல் பர்வதத்தில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்டவர், ஆகாபின் இரதத்துக்கு முன்னே ஓடியவர், யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழே படுத்து, சாவை விரும்பிக் கேட்கிறார். நாம் அங்கே இருந்திருந்தால் விசுவாசக் குறைவு என்று கடிந்துகொண்டு, ஓர் உபவாச ஜெபத்துக்கும் ஏற்பாடு செய்திருப்போம்! தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொண்டுவந்து, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் தூதன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம்முறை எழுப்பி மறுபடியும் உணவு கொடுத்தான். அதன்பின்பே ஓரேபுக்கு நாற்பது நாள் நடை. கர்த்தர் தம் தீர்க்கதரிசியோடு பேசியது அந்த நடைக்குப் பிறகுதான்.

இயேசு இராமுழுவதும் ஜெபித்தாரே என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். ஆம், பன்னிருவரைத் தெரிந்தெடுப்பதற்கு முந்தின இரவில் அப்படி ஜெபித்தார். அதே ஆண்டவர், படகுக்குள் அலைகள் மோதிக்கொண்டிருக்கையில் தலையணையின்மேல் உறங்கியும் இருக்கிறார். அந்த உறக்கத்தை நாம் பிரசங்கிப்பது அரிது.

நாலரைக்குப் பிள்ளையை எழுப்புகிற தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் நான்கு மணிக்கே எழுந்து தேநீர் வைத்திருக்கிறார். இரவு பாத்திரம் துலக்கி முடிக்கப் பதினொன்றாகிறது. அவருடைய தூக்கத்தை அந்த வீட்டில் ஒருவரும் கணக்கிடுவதில்லை. தகப்பன்மாரே, இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தேர்வு முடியும்வரை பிள்ளைகளின் அறையில் பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். கைப்பேசி பெற்றோரின் அறையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்குத் தேர்வெழுதும் பிள்ளைகள் வரவேண்டியதில்லை. அவர்களுடைய பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், நாங்கள் ஜெபிப்போம். மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். ஏன் வரவில்லை என்று ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாசலில் நிறுத்தி ஒருவரும் அவர்களைக் கேட்கவேண்டாம்.