மழை பெய்தால் தோட்டக்கார அம்மாவுக்கு வேலை இல்லையா?

அம்பத்தூரில் 48 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. வாசலில் கொஞ்சம் புல்தரை, ஓரமாகச் செம்பருத்தி, நந்தியாவட்டை, மதிலை ஒட்டி இரண்டு முருங்கை. இவற்றைக் கவனிக்க ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் வருகிறார். தினக்கூலி 450 ரூபாய். மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பது வழக்கம்.

கார்த்திகை மாதக் கணக்கில் ஆறு நாள் கூலியைப் பிடித்து விட்டார்கள். நாலு நாள் அவர் வந்தும், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர். இரண்டு நாள் அவர் தெருவில் முழங்கால் தண்ணீர், வர முடியவில்லை. "மழையே தண்ணி ஊத்திடுச்சு, அந்தம்மாவுக்கு இங்க என்ன வேலை?" என்றார் குடியிருப்புச் சங்கத்துப் பெரியவர். கூட்டத்தில் இருந்த பெண்கள், நான் உள்பட, தலையாட்டி விட்டு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்தியது.

தண்ணீர் ஊற்றுவது மட்டுமா தோட்ட வேலை? உண்மையில் அது வெயில் காலத்து வேலை. மழைக்காலத்தில்தான் வேலை இரண்டு மடங்கு. தொட்டியின் அடி ஓட்டை அடைத்துக் கொண்டால் வேர் அழுகிப் போகும். ஒவ்வொரு தொட்டியாகச் சாய்த்துக் குத்திவிட வேண்டும். புல்தரையில் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்ட வேண்டும். ஈரத்தில் புல்வெட்டும் மெஷினை ஓட்ட முடியாது, மின்சார மெஷின் என்றால் உயிருக்கே ஆபத்து. கோரையோ ஒரு வாரத்தில் முழங்கால் உயரம் வந்து விடும். குனிந்து கையால்தான் பிடுங்க வேண்டும். பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் வேறு இலையை எல்லாம் மொட்டையடிக்கும். அவற்றைப் பொறுக்குவதும் அந்த அம்மாதான். (நான் ஒரு தடவை முயற்சி செய்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை!)

இத்தனையும் வெறுங்காலோடு. சேற்றுப்புண் வந்து விரலிடுக்கு வெள்ளையாகப் பிளந்திருப்பதைக் காட்டினார். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் அந்தப் புண் வழியாகப் போனால் எலிக்காய்ச்சல் வரும். பூரானும் பாம்பும் மேட்டைத் தேடி செடிகளுக்குள் வருகிற காலமும் இதுதானே!

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தது நினைவிருக்கும். சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மண் நனைந்து இளகி, மேலே கிளை கனத்திருந்தால் காற்றுக்கு மரம் நிற்காது. அதனால் புரட்டாசியிலேயே முருங்கைக் கிளைகளைக் கழிக்கச் சொன்னவர் இந்த அம்மாதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தோட்டத்துச் சேற்றை வாரியதும் அவரே.

கனடாவில் இருக்கும் என் நாத்தனார் மகனிடம் இதைச் சொன்னேன். அங்கே பனி கொட்டும் மாதங்களில் தோட்ட வேலை நின்று விடுமாம். அதே ஆட்களில் பலர் பனி வாரும் வேலைக்குப் போகிறார்களாம். சில இடங்களில் பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்தப் பருவத்துக்கு இவ்வளவு என்று பேசி விடுவார்களாம். இங்கே நாம் வானத்தைப் பார்த்துக் கூலி கொடுக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு நாளுக்கு 2,700 ரூபாய். வீட்டுக்குப் பங்கு போட்டால் 56 ரூபாய் சொச்சம். ஒரு முழம் மல்லிகைப்பூ விலை! அந்த அம்மாவுக்கோ அது பாதி மாதத்து மளிகை.

நானும் எதிர்வீட்டு மாமியும் சேர்ந்து ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் அது தானமாக இருக்கக் கூடாது, சங்கச் செலவாக இருக்க வேண்டும். மழை மாதங்களில் மாதச் சம்பளமாகவே பேசிக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்த 2,700 ரூபாயைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சகோதரிகளே, உங்கள் குடியிருப்பில் மழை நாளுக்குக் கூலி உண்டா? எழுதுங்களேன், கூட்டத்தில் காட்ட உதவும்.

- ஒரு வாசகி, அம்பத்தூர்.