விருந்தினர் பெருகிய தீவுகள்

நம் அண்டை நாடான மாலத்தீவு பெரிதும் சுற்றுலாவை நம்பி வாழ்வதை அறிவீர்கள். 1972-இல் இளந்தேங்காயைக் குறிக்கும் ‘குரும்பா’ என்னும் பெயரில் அங்கு முதல் விடுதி திறக்கப்பட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே ஏற்பாடு. நெடுங்காலம் மக்கள் வாழாத தீவுகளிலேயே விடுதிகள் எழுந்தன. ஊழியர்களோ குடும்பத்தைப் பிரிந்து அங்கே தங்க நேர்ந்தது. 2009 முதல் குடியிருப்புத் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் தோன்றின. வருவாய் எளிய குடும்பங்களின் வாசலுக்கும் வந்தது.

ஆனால், விருந்தினர் பெருகினால் குப்பையும் பெருகுமன்றோ? தலைநகர் மாலேக்கு அருகிலுள்ள திலஃபுஷி, 1992 முதல் கடற்காயலில் குப்பையைக் கொட்டி நிரப்பி உருவாக்கப்பட்ட தீவாகும். கடல்நீரைக் குடிநீராக்கவும் எரிபொருள் செலவாகிறது. பவளப்பாறை அழிந்தால் மீனும் போகும், கரையும் கரையும். பிறகு விருந்தினர் எதைக் காண வருவர்?

எனவேதான் 2015-இல் பசுமை வரி விதித்தனர். உல்லாச விடுதியில் தங்குவோர் நாளொன்றுக்கு 6 டாலர் செலுத்தினர். 2025-இல் அது 12 டாலராயிற்று. சுற்றுச்சூழலைக் காப்பதே இவ்வரியின் நோக்கம்.

முதலைக் காத்து இலாபத்தில் வாழ்பவரே நல்ல வணிகர். மாலத்தீவின் முதல், அதன் கடல். நீங்கள் பயணம் செல்லும் ஊரும் யாரோ ஒருவரின் இல்லம் என்பதை மறவாதீர்கள்.